பொது ஒழுங்குக்குக் குந்தகம்

வெயில் வருவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். பொழுது ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் குத்தும். நிமிர்ந்து பார்க்க முடியாது. உப்பூருக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடந்த மாரீஸ்வரன் முதலாளியின் உப்பளத்தில், சித்திரை மாதத்துக் கருக்கலில், பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நீளக் கம்பின் நுனியில் அறைந்த பலகை தண்ணீருக்கடியில் சரசரவென்று போய், விளைந்த உப்பை இழுத்துக்கொண்டு வரப்போரம் வந்து நிற்கும். அதைச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சட்டியிலிருந்து வடியும் நீர் நெற்றி வழியாக இறங்கி உதட்டை அரிக்கும். அந்த வரிசையில் நின்ற பூமயிலின் பாதங்களில் பாளம் பாளமாக வெடிப்பு. தண்ணீரில் கால் வைத்ததும் தீயாய் எரியும். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். மரத்த பிறகுதான் வேலை ஓடும்.

அந்த வருடம் கூலியைக் குறைத்திருந்தார்கள். உப்புக்கு விலை இல்லை என்றார் முதலாளி. கிணற்றிலிருந்து பாத்திக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளையும் நிறுத்திவிட்டு, "கிணத்தடியில இருக்க பொம்பளைக யாராச்சும் சுவிட்சப் போட்டுக்கிருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கிணற்றடிப் பாத்தியில் நின்றவள் முத்தழகு. ஈரக் கையோடு போனாள். ஒயரின் தோல் உப்புக்காற்றில் எப்போதோ தின்னப்பட்டிருந்தது.

சத்தம்கூட வரவில்லை. பூமயில் திரும்பிப் பார்த்தபோது முத்தழகு மோட்டார் கொட்டகையின் தகரத்தில் சாய்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பலகைக் கம்பாலேயே பூமயில் அவளைத் தட்டிவிட்டாள். விழுந்தவளின் வலது உள்ளங்கை கருகியிருந்தது. ரொட்டி தீய்ந்தது போன்ற வாசனை. அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பூமயில், "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கிழக்கே சூரியன் பெரிய சிவப்புத் தட்டாக எழுந்து வந்தது.

பூமயிலின் புருசன் முனியசாமி அதே அளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். உப்பளத் தொழிலாளர் சங்கத்தை அங்கே கட்டியவன் அவன்தான். கூலி கேட்டு உட்கார்ந்ததற்கும் குடிதண்ணீர் கேட்டு லாரியை மறித்ததற்கும் அவன் மேல் ஏற்கெனவே வழக்குகள் இருந்தன. எல்லாவற்றிலும் 'கொலை மிரட்டல்' என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருப்பார்கள். அதை ஒரு பொருட்டாகவே அவன் எடுத்துக்கொண்டதில்லை.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் முதலாளியின் கார் வந்தது. முத்தழகின் உடலை அளத்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவள் மகள் மதுமதி காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வாசலில் உப்பு லாரிகள் நகர முடியாமல் நின்றன.

"என்னலே முனியசாமி, பொணத்த வச்சு யாவாரம் பண்றியா?"

"யாவாரம் நீங்க பண்றீக மொதலாளி. மோட்டாருக்கு ஆளு போடாம மிச்சம் புடிச்சீக. அதுக்கு ஒரு பொம்பளை செத்துப்போச்சு."

"அவளுக்கு நெஞ்சுவலி. ஊருக்கே தெரியும்."

"நெஞ்சுவலி வந்தா கை கருகுமா?"

மாரீஸ்வரன் கட்டிலைப் பார்க்கவில்லை. லாரிகளைப் பார்த்தார். "வழிய விடு. சாவுச் செலவுக்கு நான் குடுக்கிறேன்."

"செலவு நாங்க பாத்துக்கிறோம். கரண்டு அடிச்சுத்தான் செத்தாகன்னு நீங்க போலீசுல சொல்லுங்க. அந்தப் புள்ளைக்குச் சேரவேண்டியது சட்டப்படி சேரட்டும். அதுக்குப் பெறகு ஒரு நிமிசம் இங்கன நிக்க மாட்டோம்."

முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் போலீஸ் வேன் வந்தது. உடலைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். முனியசாமியை வேறு வேனில் ஏற்றினார்கள். போகும்போது அவன், "ரெண்டு நாள்ல வந்துருவேன், புள்ள" என்றான். எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறான்.

இந்தத் தடவை வரவில்லை. ஜாமீனுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே, அவனைக் குண்டர் சட்டத்தில் ஒரு வருடம் அடைக்க உத்தரவாகிவிட்டது என்று செய்தி வந்தது. குண்டர் என்ற சொல்லை அதுவரை பூமயில் செய்தியில் படத்தோடுதான் பார்த்திருந்தாள். அரிவாள் வைத்திருப்பவர்கள், தலைக்கு விலை பேசுகிறவர்கள். மறுநாள் ஊர்க் குழாயடியில் ஒருத்தி அவளைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்தாள்.

மதுரையில் உயர்நீதிமன்றத்தில் வழக்காடும் ஜுமானா தேவிபட்டினத்துக்காரி. சங்கத்துக்காரர்கள் சொல்லித்தான் பூமயில் அவளைத் தேடிப் போனாள். சின்னப் பெண்தான். தலையில் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு கட்டுக்கட்டான காகிதத்தைப் பொறுமையாகப் படித்தாள்.

"அக்கா, ஒருத்தர் இன்னொருத்தரை அடிச்சா அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அதுக்குச் சாதாரணக் கேசு போதும். ஊரே நடுங்கிப்போயி, சனங்க அன்னாடப் பிழைப்பே நின்னாத்தான் பொது ஒழுங்கு கெட்டுச்சுன்னு அர்த்தம். அப்படிக் காட்டினாத்தான் இந்தச் சட்டத்துல விசாரணை இல்லாம உள்ள வைக்க முடியும்."

"விசாரணை இல்லாமலா? அவரு குத்தம் செஞ்சாரா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாகளா?"

"செஞ்சதுக்கு இல்லக்கா இது. வெளிய விட்டா இனிமே செஞ்சிருவாருன்னு."

"செய்யாததுக்கா ஜெயிலு?"

ஜுமானா உத்தரவின் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினாள். முனியசாமி கத்தியைக் காட்டி மிரட்டியதால் பொதுமக்கள் அலறியடித்து ஓடினார்களாம். கடைக்காரர்கள் பயந்து கடைகளை அடைத்தார்களாம். சாலையில் வாகனங்கள் நின்றுபோய், பொது ஒழுங்குக்குக் குந்தகம் விளைந்ததாம்.

"எந்தக் கடைய?" என்றாள் பூமயில். "அளத்துப் பாதையில எங்கம்மா கடை? பாய் டீக்கடைய விட்டா ரோட்டு வரைக்கும் கருவேலந்தான்."

சீனி முகம்மதுவின் டீக்கடை கூரைக் கொட்டகை. ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர். பூமயில் போய்க் கேட்டதும் அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"நான் கடைய அடைச்சேனா? அல்லாவே! அன்னைக்கு முழுக்க அடுப்பு அணையலையேம்மா. அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்தது யாரு? வந்த போலீசுக்காரவுகளும் இங்கனதான டீ குடிச்சாக."

"கோர்ட்டுல எழுதிக் குடுப்பீகளா பாய்?"

அவர் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடை நின்ற இடம் முதலாளியுடையது. பாய்லரில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. "என் பேத்திக்கு இந்த மாசம் நிக்காஹ் பேசியிருக்கு. அது முடியட்டும், வாரேன்" என்றார். சொன்னபடியே நிக்காஹ் முடிந்த மறுவாரம் பூமயிலோடு பஸ் ஏறி மதுரைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே முதலாளியின் ஆட்கள் அவர் கடையைப் பிரித்துப்போட்டார்கள். பாய்லரைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு புளியமரத்தடியில் வைத்துக்கொண்டார். பூமயிலிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்கொணர்வு மனு போட்டாயிற்று. சீக்கிரம் விசாரணைக்கு வந்துவிடும் என்றாள் ஜுமானா. ஆனால் அரசுத் தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டது. பிறகு நீதிபதிகள் மாறினார்கள். பிறகு வழக்கு எண் பட்டியலில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பூமயில் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் போய், நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் முனியசாமி நின்றான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்ததால் அவன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

"சென்னைக்குக் கொண்டுபோனாக, உத்தரவு சரியான்னு பாக்குற போர்டு முன்னாடி. வக்கீல் வரக்கூடாதாம். நானே சொல்லணுமாம்."

"சொன்னீகளா?"

"மோட்டாருல ஆரம்பிச்சேன். முத்தழகுங்கிற பேரச் சொல்றதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டாக." அவன் சிரிக்க முயன்றான். தாடை எலும்பு தெரிந்தது. "உத்தரவு சரிதான்னு சொல்லிட்டாகளாம். பூமயிலு, சங்கத்துக்காரவுக வாராகளா?"

"வாராக" என்றாள். அது பொய். சங்கம் என்று அப்போது எதுவும் இல்லை. 'நீயும் குண்டர்ல போகணுமா?' என்று அளத்தில் வேலை மேய்க்கும் கங்காணி ஒவ்வொரு ஆணிடமும் கேட்டிருந்தான். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. சங்கக் கொடிக்கம்பத்தை யாரோ பிடுங்கி வரப்புக்கு அணை கொடுத்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் கங்காணி காணாதபோது பூமயிலின் சட்டியைத் தூக்கிவிட வந்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் முதலாளியின் கார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"எனக்கும் அவன் மேல பகை இல்ல. வேலைக்காரன்தான். மேல பேசி உத்தரவத் திரும்ப வாங்க வைக்க என்னால முடியும்."

பூமயில் வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

"அந்தப் புள்ள மதுமதி நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கு. அத வாபஸ் வாங்கணும். அவ அம்மாளுக்கு முன்னாடியே நெஞ்சு நோவு இருந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணும். நீ சொன்னா கேப்பா. தீபாவளிக்கு ஒன் புருசன் வீட்டுல இருப்பான்."

"நீங்களே கேக்க வேண்டியதுதான, மொதலாளி."

"நான் கேட்டா வேற மாதிரி ஆகும்" என்றார். கண்ணாடி ஏறியது.

பூமயில் அப்போதே கிளம்பினாள். மதுமதியிடம் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. நடக்க நடக்க நெஞ்சு கொதித்தது. செத்தது அவள் அம்மா. ஜெயிலில் கிடப்பது என் ஆள். செத்தவள் இனி வரப்போவதில்லை, இருக்கிறவனையாவது கொடுங்கள். இதைச் சொல்வதில் என்ன தப்பு? கருவேலங்காட்டுக்குள் தனியாக நடந்தபடி சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மதுமதி வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பூமயிலைப் பார்த்ததும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"சித்தி, ஒங்களைத்தான் பாக்க வரணும்னு இருந்தேன். கங்காணி வந்து சொன்னாரு. நான் எழுதிக் குடுத்துறேன். சித்தப்பா வரட்டும். எங்களால நீங்க பட்டது போதும்."

கேட்க வந்தது கேட்காமலே கைக்குக் கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூமயில் வாயைத் திறந்தாள். எதிரே நின்ற பெண்ணின் கைகளைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பதில் அளத்தில் சேர்ந்து ஒரு பருவம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் விரலிடுக்கெல்லாம் உப்பு தின்று சிவந்திருந்தது. முத்தழகின் கருகிய கையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்த கனம் பூமயிலுக்குத் தொடையில் உறைத்தது.

"நெஞ்சு நோவுன்னு எழுதுவியா? நான் பாத்தேன்டி. என் மடியிலதான் கெடந்தா."

"பெறகு என்னதான் சித்தி செய்யச் சொல்றீக?" மதுமதி உடைந்து அழுதாள்.

"எனக்குத் தெரியல" என்றாள் பூமயில். "எழுதிக் குடுக்காத. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

திரும்பி வரும் வழியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்து வந்த வாரங்களில் வலைக்கு அந்தப்பக்கம் அவன் இருமும்போதெல்லாம், நான்தான் இவரை உள்ளே வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. மதுமதியோடு ரொம்ப நாள் பேசவும் இல்லை.

ஐப்பசி அடைமழையில் மனு விசாரணைக்கு வந்தது. பெரிய கூடம், மேலே இரண்டு நீதிபதிகள். பேசியது எல்லாம் இங்கிலீஷ். ஜுமானாவின் உதவியாளர் அவ்வப்போது குனிந்து பூமயிலின் காதில் சொன்னார். அரசு வழக்கறிஞர் அதே வரிகளை வாசித்தார்: பொதுமக்கள் ஓடினார்கள், கடைகள் அடைக்கப்பட்டன.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்தில் எத்தனை கடைகள் இருக்கின்றன?"

அரசு வழக்கறிஞர் பின்னால் நின்ற போலீஸ்காரரிடம் குனிந்தார். போலீஸ்காரர் அவர் காதில் என்னவோ சொன்னார்.

"ஒரு டீக்கடை, மை லார்ட்."

"அடைக்கப்பட்டதா?"

ஜுமானா எழுந்து சீனி முகம்மதுவின் வாக்குமூலத்தைக் காட்டினாள். அது ஓர் உப்பளத்தின் வாசல், அங்கே நின்றது அந்த அளத்தின் தொழிலாளர்களும் முதலாளியும் மட்டுமே, அதனால் ஊரின் வாழ்க்கை எப்படிக் குலைந்தது என்று கேட்டாள். நீதிபதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தீர்ப்பைச் சொன்னார்: தனிப்பட்ட ஒரு தகராறு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக இருக்கலாம். பொது ஒழுங்கைக் குலைத்ததாகாது. உத்தரவிட்ட அதிகாரி மனத்தைச் செலுத்தாமல் வழக்கமான வாசகங்களை எழுதியிருக்கிறார். தடுப்புக் காவல் உத்தரவு ரத்து. அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சிருச்சுக்கா. செயிச்சுட்டோம்" என்றாள் ஜுமானா, வராந்தாவில்.

பூமயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டுத்தானா? டீ ஆத்துற நேரங்கூட ஆகலையே. இத மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?"

ஜுமானா கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

முனியசாமி வெளியே வந்தான். மூட்டை தூக்கிய தோள்கள் கூடாக ஒட்டிப்போயிருந்தன. முத்தழகு செத்த அன்று போட்ட வழக்கு அப்படியே இருந்தது. ஜாமீன் நிபந்தனைக்காக அன்றாடம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான். வீட்டில் வாசலைப் பார்த்து உட்காராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். மழையில் அளமெல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. யாருக்கும் வேலை இல்லை. முதலாளி பேசியதையும் மதுமதியிடம் தான் சொன்னதையும் ஒருநாள் பூமயில் அவனிடம் சொன்னாள். சுவரைப் பார்த்தபடியே, "சரியாத்தான் செஞ்ச" என்றான். குரலில் உயிர் இல்லை.

தையில் தண்ணீர் வடிந்ததும், பாத்தியின் களியை மிதித்து இறுக்க ஆள் கூப்பிட்டார்கள்.

"நீங்க வாரீகளா?" என்றாள்.

"மறுபடி உள்ள போட்டா நான் தாங்க மாட்டேன் பூமயிலு. என்னய விட்டுரு."

அவள் வற்புறுத்தவில்லை. மற்றப் பெண்களோடு கருக்கலில் நடந்து போனாள். வாசலில் கங்காணி டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டான். பூமயிலின் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினான்.

"ஒனக்கு இல்ல. மொதலாளி சொல்லிட்டாரு. மதுமதி, நீயும் நில்லு."

பூமயில் அப்படியே நின்றாள். சண்டை போடத் தெம்பு இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் காலை எடுத்தாள். அப்போது உள்ளே போயிருந்த பெண்களில் ஒருத்தி, அன்று குழாயடியில் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தவள், வரப்பிலிருந்து திரும்பி வந்தாள். கங்காணியைத் தாண்டி வெளியே வந்து, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பாதையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஈரக் களி ஒட்டிய கால்களோடு ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். பூமயிலும் மதுமதியும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். சிலர் வரவில்லை, பாத்தியிலேயே தலையைக் குனிந்தபடி நின்றார்கள்.

வெளுத்து வரும்போது ஜீப் வந்தது. இறங்கிய சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். லத்தியால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, "இங்க யாரு தலைவரு?" என்று கேட்டார்.

"போன வருசம் ஒருத்தரு இருந்தாரு. அவரத்தான் தூக்கிட்டுப் போனீகளே" என்றாள் மதுமதி. "இப்ப நாங்கதான் இருக்கோம்."

"எல்லாரையும் ஏத்தணுமா?"

"ஏத்துங்க. அதுலயும் கடைய அடைச்சோம்னு எழுதுவீக. இப்ப இங்கன அடைக்க ஒரு கடைகூடக் கெடையாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் போய் வயர்லெஸ்ஸில் பேசினார். வேன் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதுமதி பூமயிலின் கையைப் பிடித்தாள்.

பூமயில் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். கருவேல மரங்கள் முடியும் இடத்தில், துண்டைத் தோளில் போட்டபடி முனியசாமி நின்றான். ஜீப்பைப் பார்த்துவிட்டான் போலும். கிட்டே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அவள் அவனைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்த வாக்கில் மதுமதியை இடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.